பொனட்டில் இருந்த சாமி பெயர்

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கார்க் கீறல் மாயமாய்ப் போய்விடும் என்று என் மகன் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். போடா அங்கிட்டு என்று எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது. அவன் என்ன செய்வான், பாவம். கீறல் என்று எவர் வாயைத் திறந்தாலும் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. ஒரு கீறலை வீட்டிலேயே அழிக்கிறோம் என்று கிளம்பி நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதுவும் சாதாரணக் கீறலா அது?

அப்பாவுக்குக் கண்டி டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை இருந்தது. ஆணி, பூட்டு, கயிறு, பெயிண்ட், சேண்ட் பேப்பர் என்று மூச்சுத் திணறும் அளவுக்குச் சாமான் அடைத்த கடை. அப்பா பிறந்தது கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்திலேயே உழைத்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். அப்பா மட்டும் சின்ன வயதிலேயே கண்டிக்கு இறங்கி வந்து, கடைகளில் மூட்டை தூக்கி, பிறகு கணக்கு எழுதி, கடைசியில் சொந்தமாக ஒரு கடையைப் போட்டுவிட்டார். பெருமையாக மார் தட்டிச் சொல்ல வேண்டிய கதை. ஆனால் அவர் அதை எங்களிடம்கூட முழுசாய்ச் சொன்னதில்லை. யாராவது "சொந்த ஊரு?" என்று கேட்டால் "கண்டிதான்" என்று சட்டென்று பேச்சை முடித்துவிடுவார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவரை அப்படி ஆக்கிவிட்டார்கள். வருவார்கள், வடை தின்பார்கள், டீ குடிப்பார்கள், அக்காவை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒரு பெரிய மனுஷி, "பூர்வீகம் எந்தத் தோட்டம்?" என்று தேன் தடவின குரலில் கேட்பாள். அப்பா பொய் சொல்லத் தெரியாமல் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். அதோடு கிழிந்தது. மறுவாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வரும். நம்மைப் போலவே பேசி, நம்முடைய சாமியையே கும்பிடுகிற மனிதர்கள்தான். இவர்கள் டவுனில் கடை வைத்தவர்களாம், நாங்கள் கொழுந்து பறித்தவர்களாம்.

அப்போதுதான் கம்பளையிலிருந்து அந்த வரன் வந்தது. மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம், பையன் வங்கியில் வேலை. அக்கா அவனை ஏற்கனவே ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தாள். பந்தியில் அவளுக்கு ரசம் ஊற்ற வந்து, கை நடுங்கி, அவள் புடவையில் ஊற்றிவிட்டானாம். என்னிடம் அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. இந்த ஒன்றாவது கூடி வர வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

தரகர் அப்பாவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"இந்தா பாருங்க, இந்தத் தடவ தோட்டம், லயம்னு வாயத் தொறந்தீங்க, நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். பூர்வீகமே கண்டி டவுனு, வழிவழியா கட யாவாரம்னு சொல்லி வச்சிருக்கேன். காரும் இருக்குன்னு சொல்லியிருக்கேன்."

"கார் இல்லையே" என்றார் அப்பா.

"இல்லாட்டி வாங்கிருங்க."

வாங்கிவிட்டார். இரண்டு கை மாறின பழைய ஜப்பான் கார், கருநீல நிறம். கருநீலத்தில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்? அது வந்து முற்றத்தில் நின்ற அன்று அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்பிட்டியப் பக்கத்தில் நாங்கள் இருந்த அந்த லேனில் எங்களைத் தவிர எல்லாம் சிங்களக் குடும்பங்கள். நாங்கள் மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர்கூட வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, நல்ல கார் என்று கை காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை காரைப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாகனம் வாங்கினால் சும்மா ஓட்டிவிட முடியுமா? ஐயர் வெளியே வந்து பொனட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். அப்பா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். தேங்காய் ஒரே அடியில் இரண்டாக உடைந்தது. நல்ல சகுனம் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு காரைக் கோயிலுக்கு வெளியே பாதையோரம் விட்டுவிட்டு, அக்கா பெயருக்கு அர்ச்சனை செய்ய உள்ளே போனோம்.

அன்று சித்தப்பாவும் தற்செயலாகக் கோயிலுக்கு வந்திருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, இன்னமும் அதே தோட்டத்தில் வேலை. அண்ணனைக் கண்ட சந்தோஷத்தில், "ஞாயித்துக்கெழம நானும் வந்து கூடமாட ஒத்தாச பண்றேண்ணே" என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், "இப்ப வேணாம்டா. எல்லாம் முடியட்டும், அப்புறம் சாவகாசமா வா" என்றார். சித்தப்பா, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அர்ச்சனை முடிந்து வெளியே வந்தபோது பொனட்டில் எழுதியிருந்தது. ஆணியோ, சாவியோ, எதனாலோ அழுத்திக் கீறி, ஐயர் வைத்த சந்தனத்துக்குக் கீழே, பொனட்டின் அகலத்துக்கு, ஒரே ஒரு வார்த்தை.

தோட்டக்காட்டான்.

அந்த வார்த்தை எங்களுக்குப் புதிதா என்ன? மலையகத்துத் தமிழனை இழிவுபடுத்த வேண்டுமென்றால் மற்றத் தமிழன் முதலில் எடுக்கும் வார்த்தை அதுதான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சொல்லியிருக்கிறார்கள், பஸ்ஸில் அம்மாவைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காற்றில் வந்து காற்றில் போகும் ஏச்சு வேறு. இது நாங்கள் உட்கார்ந்து போகும் காரில், சந்தனத்துக்குக் கீழே இருந்தது. அப்பா மாலையைக் கீழே இழுத்து அதை மறைத்துவிட்டுக் காரை எடுத்தார். அக்கா பின்சீட்டில் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் உடைந்தாள்.

"எந்தக் கட்டையில போறவன் செஞ்சான்னு தெரியலையே! அவன் கை வெளங்குமா? ஞாயித்துக்கெழம வாறவங்க இதப் படிச்சாங்கன்னா என்னாங்க ஆவுறது?"

"படிக்க மாட்டாங்க. அதுக்குள்ள அழிச்சிருவேன்" என்றார் அப்பா.

"கராஜ்ல குடுத்துருங்களேன்."

"கராஜ்ல நம்மாளு இல்லாத கராஜ் எது? பெயிண்ட் அடிக்கிற பாய்ல இருந்து டயர் கழட்டுறவன் வரைக்கும் தமிழ் படிப்பான். சாயங்காலம் ஆவுறதுக்குள்ள டவுன் பூரா தெரிஞ்சிரும். நானே அழிப்பேன். சேண்ட் பேப்பர் விக்கிறவனுக்கு இது தெரியாதா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது. விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? விலை தெரியும், அவ்வளவுதான்.

முதலில் சவர்க்காரத் தண்ணீர் போட்டுக் கழுவினார். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீர் ஓடியதும் அந்த எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. பொனட் கண்ணாடியாய் மின்னியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா, மேலோட்டமான கீறல்தான், தண்ணிக்கே போயிருச்சு!" அம்மாவைக் கூப்பிட்டார், அக்காவைக் கூப்பிட்டார். எல்லோரும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் பட்டுப் பொனட் காய ஆரம்பித்தது. முதலில் "தோ" வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற எழுத்துகளும் வந்தன. ஈரமாக இருக்கும்வரை கீறல் தெரியாது, காய்ந்தால் அப்படியே எழுந்து வரும். அந்தச் சனியன் பிடித்த விஷயத்தை நாங்கள் அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

அடுத்தது டூத்பேஸ்ட். கடைப் பையன் ஒருவன் எப்போதோ சொன்னானாம். துணியில் வைத்து அப்பா தேய் தேய் என்று தேய்த்தார். பொனட் புதினா மணந்தது, எழுத்து அசையவில்லை. சரி, கடைக்குப் போய் வோட்டர் பேப்பர் எடுத்து வருகிறேன் என்று கிளம்பிப் போனார். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற சேண்ட் பேப்பரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

அவர் போன நேரம் பார்த்து அம்மா ஒரு வேலை செய்தாள். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் விபூதி, கெட்ட கனவு வந்தாலும் விபூதி. இது எவனோ வயிற்றெரிச்சலில் செய்த வேலை, கண்ணேறு, இதற்கும் விபூதிதான் என்று சாமித்தட்டில் இருந்ததை அள்ளிக்கொண்டு வந்து, "முருகா, முருகா" என்று அந்த எழுத்தின் மேல் பூசித் தேய்த்துவிட்டாள். பிறகு துணியால் துடைத்தாள். மேலே இருந்த விபூதி போய்விட்டது. கீறலுக்குள் போனது போகவில்லை. கருநீலத்தில் வெள்ளை வெளேரென்று, போர்டு எழுதுகிறவன் எழுதினது மாதிரி, தோட்டக்காட்டான் என்று நின்றது. அதுவரை கிட்டப் போய்ப் பார்த்தால்தான் படிக்கலாம். இப்போது கேட்டில் நின்றே படிக்கலாம்.

"அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க!" என்று நான் கத்தினேன்.

"நல்லதுக்குத்தான்டி பண்ணேன்" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாக, உள்ளே இருந்த விபூதியைக் குடைந்து எடுக்கத் தொடங்கினாள். பெண் பார்க்க வரும் முன்பு பெண் முகத்துக்கு மஞ்சள் பூசுவாள். எங்கள் அக்கா அந்த வார்த்தையின் கால், கொம்பு, சுழியெல்லாம் பிரஷ் பிடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா தாளும் தண்ணீருமாக உட்கார்ந்தார். காருக்கு மிக நைசான தாள் வேண்டும். கடையில் அது முடிந்து போயிருந்தது. மரத்துக்குப் போடுகிற முரட்டுத்தாளைத்தான் எடுத்து வந்திருந்தார். "ரெண்டும் ஒன்னுதான், மெதுவா தேச்சா சரி" என்றார். மெதுவாக எங்கே தேய்த்தார்? மனதில் இருந்ததையெல்லாம் அந்தத் தாளில் வைத்துத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் பொனட் பூராவும் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்துப் போனது. அந்தச் சாம்பலுக்கு நடுவில் எழுத்து இன்னும் இருந்தது. அது ஆழமாகக் கீறப்பட்டிருந்தது. அழுத்திக் கீறினவனுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தேய்க்கும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாத்தயா வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நல்ல மனுஷர். தன் காருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பொலிஷ் போடாமல் சாப்பிடமாட்டார். தமிழ் அரைகுறையாகப் பேசுவார், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கீறலை அரைத்தெடுக்கும் கட் பொலிஷ் ஒரு டின் கொண்டுவந்தார்.

"முதலாளி, பயப்பட வேணாம். இது போட்டு நான் சரி பண்றது. ரெண்டு மணித்தியாலம், அவ்வளவுதான்." மூடியைத் திறந்து, துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "இது என்னா எழுதி இருக்கிறது?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த மனுஷரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுவிடும்? அவர் "சீ" என்று இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் அதை அழித்துக் கொடுத்திருப்பார். ஆனால் அப்பாவின் வாயில் அது வரவில்லை.

"சாமி பேரு மாத்தயா" என்றார். "கோயில்ல பூச செஞ்சப்ப யாரோ பக்தியில எழுதிட்டாங்க."

மாத்தயாவின் கை அப்படியே நின்றது. துணியைக் கீழே வைத்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். பொனட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பி நின்றார்.

"சாமி பேர் அழிக்கிறதா? பவ் முதலாளி, பெரிய பவ்!" பவ் என்றால் அவர்கள் பாஷையில் பாவம். "மகளுக்குக் கல்யாணம் பேசுற நேரம். இப்போ இதில் கை வைக்கிறது வேணாம்."

டின்னின் மூடியை இறுக்கி மூடி எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். போனதோடு விட்டாரா? மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் நோனா என்று கூப்பிடும் அந்த அம்மாள் சற்று நேரத்தில் ஒரு தட்டு நிறைய அரலியாப் பூவோடு வந்தாள். அவர்கள் விகாரையில் வைத்துக் கும்பிடுகிற பூ, தங்கள் முற்றத்தில் பறித்தது. ஒவ்வொரு பூவாக எடுத்து அந்த எழுத்தின் மேல் வைத்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். போகும்போது, "சாமி பேர் என்னா? சொன்னா நானும் சொல்லி கும்பிடலாம்தானே" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா, "அது மலையில இருக்கிற சாமி நோனா, பேரு உங்க வாயில நுழையாது" என்று சொல்லித் தப்பித்தார்.

அதற்குப் பிறகு அப்பா தாளைத் தொட முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லப் போய்க் குனிந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்த நோனா, "எபா முதலாளி, எபா!" என்று பதறினாள். வேண்டாம், வேண்டாம் என்கிறாள். அவள் பயந்தது எங்கள் அக்காவுக்காக. போதாக்குறைக்கு அம்மாவும், "இவ்வளவு சொல்றாங்களேங்க, நெசமாவே சாமி குத்தம் ஆயிருமோ?" என்று ஆரம்பித்துவிட்டாள். "எந்தச் சாமிடி? எந்தச் சாமி?" என்று அப்பா போட்ட கூச்சலில் காகம் பறந்தது. சாக்கு போட்டு மூடலாம் என்றேன் நான். வருகிறவர்கள் காரைப் பார்க்கத்தானே வருகிறார்கள், மூடினால் திறக்கச் சொல்வார்கள் என்றார் அப்பா. காரை எங்காவது விட்டுவிட்டால் கார் எங்கே என்பார்கள். தரகர் அந்தக் காரைப் பற்றி அவ்வளவு அளந்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. எங்களுக்கு அது தெய்வம் அனுப்பின மழை. கார் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. பொனட் மினுமினுவென்று இருந்தது, ஓர் எழுத்தும் தெரியவில்லை. அப்பா யன்னலைப் பிடித்துக்கொண்டு, "பேஞ்சுக்கிட்டே இருக்கட்டும் முருகா, அவங்க போற வரைக்கும் பேஞ்சுக்கிட்டே இருக்கட்டும்" என்று சத்தமாகவே வேண்டினார். அந்த மழையிலும் நோனா குடையோடு வந்து பூ வைத்துவிட்டுப் போனாள்.

கம்பளையிலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளை, அவனுடைய அப்பா, அம்மா, இரண்டு அத்தைமார். எல்லோரும் குடையில் குனிந்து ஓடி வந்து உள்ளே ஏறினார்கள். காரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அக்கா டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளை, "ரசம் ஊத்துனதுக்கு இன்னும் கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவனுடைய அம்மாகூடச் சிரித்தாள். பூர்வீகம் எது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அறைக்குள் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது, முகம் பூத்திருந்தது. ஜாதகத்தை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்போதுதான் மழை நின்றது. கண்டி மழையை நம்பவே கூடாது. கொட்டுகிறது கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேகம் விலகிச் சுளீரென்று வெயில் அடித்தது. விடைபெற எல்லோரும் விறாந்தைக்கு வந்தார்கள். "இதுதான் அந்தக் காரா?" என்று மாப்பிள்ளையின் அப்பா படி இறங்கினார்.

அப்பா அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார். மூலையில் இருந்த வாளியைத் தூக்கி, ஒரே வீச்சில் பொனட்டில் ஊற்றினார். நோனா வைத்த பூவெல்லாம் சிதறி விழுந்தது. வந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"தூசியா இருக்கு, அதான்" என்றார் அப்பா.

காலையிலிருந்து மழையில் நின்ற காரில் ஏது தூசி? பைப்பைத் திறந்து மறுபடியும் வாளியை நிரப்பினார், ஊற்றினார். மாப்பிள்ளையின் அப்பா கார் எந்த வருஷத்தது என்று கேட்டார். அப்பா ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார். இஞ்சின் எப்படி என்று கேட்டார். அப்பா ஊற்றிக்கொண்டே, "நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்க" என்றார். பட்டு வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. நெற்றியில் இருந்த திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. இரண்டு வாளிக்கு நடுவில் ஓர் ஓரம் காயப் பார்க்கும், உடனே கையால் தண்ணீரை வழித்து அந்த ஓரத்தில் தேய்ப்பார். "போதும்பா, விடுங்க" என்று நான் வாளியைப் பிடித்தேன். "விடுடி!" என்று என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் தண்ணீர் ஓர் அத்தையின் சேலையில் தெறித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நோனா நின்று, பூ விழுந்த திசையைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அக்காவையும் அதே பார்வையால் பார்த்தாள். வேன் கிளம்பிப் போகும்வரை அப்பா ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அந்த வாரமே தரகர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொண்ணக் கொற சொல்லல. பையனுக்கும் புடிச்சிருக்கு. ஆனா பொண்ணோட அப்பாவுக்கு..." என்று விரலால் தன் நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினார். "மழையில நனஞ்ச காருக்குப் பூப் போட்டு வாளி வாளியா தண்ணி ஊத்துறாராம். இது பரம்பரையா வாற வியாதியா இருந்தா நாளைக்குப் பேரப் புள்ளைங்களுக்கும் வருமேன்னு அந்தம்மா ஒரே புடியா நிக்குது."

அப்பா மெதுவாகக் கேட்டார். "வேற ஒன்னும் சொல்லலையா? கார்ல எதையும் படிச்சோம்னு, அப்புடி எதுவும்?"

"படிக்கிறதா? என்னத்த?"

அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு கணம்தான். ஆனால் நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். தரகர் போன பிறகு அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"அவங்க படிச்சிருக்கட்டுமேப்பா. படிச்சிட்டு வேணாம்னு போயிருந்தா, தாத்தா தோட்டத்துல வேல செஞ்சாருன்னு போனதா இருந்திருக்கும். அதுல என்னா வெக்கம்? இப்ப எங்கப்பா பைத்தியம்னு போயிருக்காங்க. அது பரவாயில்லையா ஒங்களுக்கு?"

அப்பா தரையைப் பார்த்தபடி, "அவங்க படிக்கல இல்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதிரையைத் தூக்கி எறிந்திருப்பேன். அம்மா என்னை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை எழுதினது யார் என்று இன்றுவரை தெரியாது. கோயிலுக்கு வந்த எவனும் செய்திருக்கலாம். அப்பா சித்தப்பாவைச் சந்தேகப்பட்டார். ஆள் அனுப்பிக் கேட்டும்விட்டார். சித்தப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை, அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவும் இல்லை. செய்தவன் எங்களை ஏசினானா, இல்லை அப்பாவுக்கு எதையாவது நினைவுபடுத்தினானா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். பைத்தியக்காரன் வீடு என்ற பேச்சு கம்பளையிலிருந்து கண்டி வரைக்கும் வந்துவிட்டது. அக்காவைப் பார்க்க அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் தனியாக இருக்கிறாள்.

தரகர் வந்துபோன மறுநாள் காலை நோனா வழக்கம்போலப் பூத்தட்டோடு வந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. அக்காவின் கன்னத்தைத் தடவி, "கவலைப்பட வேணாம் துவ" என்றாள். துவ என்றால் மகள். "நான் சாமிகிட்ட சொல்றேன். சாமி பேர் மட்டும் சொல்லுங்க."

அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தாள். அப்பா கதிரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தோட்டக்காட்டான்" என்றாள் அக்கா. நோனாவுக்குப் புரியவில்லை. அக்கா சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னாள்.

நோனா இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பழகினாள். பிறகு பூக்களை எழுத்தின் மேல் வைத்து, கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்கும்படி வேண்டினாள். "தோட்டக்காட்டான் சாமி, இந்தப் பிள்ளைக்கு நல்ல மாப்பிள்ளை குடுங்க. தோட்டக்காட்டான் சாமி, இந்த வீட்டை நல்லா வச்சிருங்க." அவள் குரலில் அவ்வளவு பக்தி இருந்தது. அந்த வார்த்தையை அவ்வளவு மரியாதையாக ஒருவர் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். என்ன செய்யப் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். நோனா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதலாளி, நீங்களும் சொல்லுங்க. அப்பா சொன்னாதான் சாமிக்குக் கேக்கும்."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை விலக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கிப் போய் நோனாவின் பக்கத்தில் நின்றார். மெல்லக் கையைக் கூப்பினார். பிறகு வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.